கீழே இறங்கிய பிரசவ வார்டு: அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2010 ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதங்களில், அகமதாபாத்தில் ஏசி இல்லாத ஒரு பெரிய மருத்துவமனையில் 24 பச்சிளம் குழந்தைகள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். முந்தைய ஆண்டு இதே மூன்று மாதங்களில் 8 பேர். அடுத்த ஆண்டு 4 பேர்.

இந்த எண்களுக்கு நடுவே அங்கே ஒரு சின்ன வேலை நடந்தது. மேல் மாடியில் இருந்த பிரசவ வார்டைக் கீழே இறக்கினார்கள். அதே காலத்தில் அந்த நகரமும் தன் வெயில்காலச் சாவுகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கியது. மூன்று ஆண்டு கழித்து, தெற்காசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது. அப்புறம் அது தேசிய வழிகாட்டிக்கு அடிப்படையாகி, மற்ற மாநிலங்களுக்கும் போனது.

காலநிலை மாற்றத்துக்குத் தகவமைத்துக்கொள்வதை, ஐ.நா. மாநாட்டில் தொடங்கி தில்லி வழியாக மாவட்டத்துக்கு இறங்கி வரும் கதையாகச் சொல்வதே வழக்கம். இந்த நிகழ்வு கீழிருந்து மேலே போனது. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சம்பந்தப்பட்ட தாய்மார்கள், மருத்துவர்கள், அலுவலர்கள் யாருடைய பெயரும் இதில் வராது. மருத்துவமனையின் பெயரும் தேவைப்படவில்லை.

பின்னணி: அன்றைக்குக் காகிதத்தில் இருந்தது

இந்தியாவின் காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டம் 2008 ஜூனில் வெளியானது. அதில் எட்டு இயக்கங்கள்: சூரிய ஆற்றல், ஆற்றல் சிக்கனம், நீடித்த வாழ்விடம், நீர், இமயமலைச் சூழல், பசுமை இந்தியா, வேளாண்மை, அறிவுத் திரட்டு. மக்களின் உடல்நலத்துக்கென்று தனி இயக்கம் எதுவும் இல்லை. வெயிலில் ஆள் சாவது அன்றைக்குக் காலநிலைக் கொள்கைக்குள் வரும் சங்கதியாகவே தெரியவில்லை என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

பேரிடர் நிர்வாகத்திலும் ஏறக்குறைய அதே நிலைதான். நிவாரண நிதி பெறத் தகுதியானவை என்று மத்திய அரசு வைத்திருந்த பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை எல்லாம் உண்டு. 2012-இல் கடுங்குளிரும் உறைபனியும் அதில் சேர்ந்தன. வெப்ப அலை சேரவில்லை. குளிரில் செத்தால் பேரிடர், வெயிலில் செத்தால் தலைவிதி என்பதுபோன்ற ஏற்பாடு அது. இதன் விளைவைக் கட்டுரையின் கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

உலக அளவில் 1992-இன் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்திலேயே தகவமைப்பு என்ற சொல் இருந்தது. ஆனால் பேச்சுவார்த்தையின் பெரும்பகுதி, யார் எவ்வளவு புகையைக் குறைப்பது என்பதைச் சுற்றியே நடந்தது. உமிழ்வுக் குறைப்புக்குக் கொடுக்கும் அதே முன்னுரிமையைத் தகவமைப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று 2010 டிசம்பரில் மெக்சிகோவின் கான்குன் நகரில் கூடிய மாநாடுதான் எழுத்தில் வைத்தது. நாடுகள் தத்தம் தேசியத் தகவமைப்புத் திட்டத்தைத் தயாரிக்கும் நடைமுறையும் அங்கேதான் தொடங்கியது. அப்போது அகமதாபாத்தில் வெயில் அடித்து ஓய்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஊரைப் பற்றியும் கொஞ்சம். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 55 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பழைய துணி ஆலை நகரம். தகரக் கூரைக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் கீழே லட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் 41 டிகிரி வந்தால் அது செய்தி. அங்கே மே மாதத்தின் சாதாரணப் பகலே அந்த அளவுதான். அதனால் ‘இது எங்களுக்குப் பழகிய வெயில்’ என்ற நினைப்பு அந்த ஊரில் இருப்பது இயல்பு. என் கணிப்பில், பின்னால் நடந்ததற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம்.

2010 மே: நடந்ததும் தெரிந்ததும்

மே 21 அன்று வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இது கடுமையான வெயில், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். புயல் வந்தால் மரம் சாயும். வெப்ப அலைக்கு அப்படி ஒரு காட்சி கிடையாது. மதியம் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். சாவு வீட்டுக்குள்ளே நடக்கும்.

சாவு எப்படிப் பதிவாகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஹீட் ஸ்ட்ரோக் என்று ஒரு மருத்துவர் எழுத வேண்டுமானால், உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும், நோயாளியின் நினைவு தடுமாறியிருக்க வேண்டும், அதையெல்லாம் உயிர் இருக்கும்போதே ஒருவர் பார்த்திருக்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவர் தகரக் கூரையின் கீழ் மூன்று நாள் சரியாகத் தூங்காமல், தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்து நான்காம் நாள் மாரடைப்பில் போனால், சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும். சிறுநீரகம் பழுதான ஒருவர் அதே வாரம் இறந்தால் சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கும். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு சாவும் அந்த வாரத்தில் ஏன் நடந்தன என்ற கேள்விக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை.

பதிவேட்டைப் புரட்டியபோது

காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்த வெளிநாட்டு ஆய்வாளர்களும் பிற்பாடு எடுத்த வழி எளிமையானது. இறப்புக் காரணத்தை விட்டுவிட்டார்கள். மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டை எடுத்து, எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் சரி, மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினார்கள்.

2010 மே மாதத்தில் 4,462 மரணங்கள். 2009, 2011 மே மாதங்களை வைத்துப் பார்த்தால் வழக்கமாக இருந்திருக்க வேண்டியது 3,118. அதாவது 1,344 பேர் கூடுதல், ஏறக்குறைய 43 சதவீதம். ஒரே ஊரில், ஒரே மாதத்தில்.

இது புயலில் நடந்திருந்தால் தேசியச் செய்தியாகியிருக்கும். இங்கே அந்த 1,344 பேரும் மாதம் முழுக்க, வீடு வீடாக, வெவ்வேறு நோய்ப் பெயர்களில் சிதறிக் கிடந்தார்கள். கூட்டிப் பார்த்த பிறகுதான் அது ஒரு நிகழ்வாகத் தெரிந்தது. பின்னால் வந்த நகரத் திட்டத்துக்கு இந்தக் கூட்டல் கணக்குதான் ஆதாரம். திட்டத்தில் வந்த நுட்பமான பகுதிகளைவிட இதைத்தான் நான் முதலில் வைப்பேன். இறப்புப் பதிவேடு எல்லா மாநகராட்சியிலும் இருக்கிறது. புரட்டிப் பார்க்கச் செயற்கைக்கோள் எதுவும் வேண்டாம்.

வார்டில் கண்டது

பச்சிளம் குழந்தைக்கு வியர்த்து உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறன் முழுசாக வந்திருக்காது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால், சுற்றியிருக்கும் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும். முதல் சில நாட்களில் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்காமல் போனால் உடலில் நீர் வற்றிக் காய்ச்சல் வரும். தாகம் என்று சொல்லத் தெரியாது. புரண்டு நிழலுக்குப் போகவும் முடியாது. கிடத்திய இடத்தின் சூடுதான் அதன் சூடு.

அந்த இடம் மேல் மாடியாக இருந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மே மாதம் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் காங்கிரீட் தளம் வாங்கி வைத்த சூடு ராத்திரி முழுக்கக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூடான காற்றையே சுற்றிவிடும்.

மருத்துவர்கள் தங்கள் பிரிவில் சேர்ந்த குழந்தைகளின் பதிவுகளையும் அன்றாட உச்ச வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 42 டிகிரியைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் வெப்பத்தால் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 சதவீதம் ஏறியது தெரிந்தது. (முன்னால் சொன்ன 43 சதவீதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, எண் ஒத்துப்போனது தற்செயல்.)

முதல் முடிவு: இடத்தை மாற்றுவது

வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கலாம். ஏசி போடலாம். அதற்குப் பணம் வேண்டும், மின் இணைப்பின் திறனைக் கூட்ட வேண்டும், பராமரிப்பு வேண்டும், ஒப்புதல் வர ஒரு வெயில்காலமே போய்விடும். தாயையும் குழந்தையையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம். வீடு வார்டைவிடச் சூடாக இருந்தால் அது உதவியாகாது. கூரைக்கு மேல் பந்தல் போடலாம், வெள்ளையடிக்கலாம். பலன் உண்டு, ஆனால் ஓரளவுதான்.

வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்ற, இருக்கிற கட்டடமே போதும். கட்டில்களும் ஆட்களும் இடம் மாறினால் ஆயிற்று. 2010 வெயில் முடிந்த பிறகு அதைச் செய்தார்கள். அடுத்த கோடையில் வெப்பத்தால் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 4 பேர்தான்.

24 என்பது 4 ஆனதை முழுக்க வார்டு மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2011 கோடை 2010 அளவுக்குக் கொடூரமாக இல்லை. ஆய்வாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். வெப்பநிலையின் விளைவைத் தனியாகப் பிரித்த பிறகும் இடமாற்றத்துக்குக் காக்கும் பலன் இருந்தது என்பதுதான் அவர்கள் சொன்னது. ஒரே மருத்துவமனை, சின்ன எண்கள். எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் இவ்வளவு குறைந்த செலவில், இவ்வளவு தெளிவான காரணத்தோடு எடுத்த தகவமைப்பு முடிவுகள் நான் படித்தவற்றில் அதிகம் இல்லை.

இரண்டாவது முடிவு: நகரத்துக்கு ஒரு திட்டம்

2011-இலிருந்து மாநகராட்சி, காந்திநகர் நிறுவனம், அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில், சில பல்கலைக்கழகங்கள் ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. குடிசைப் பகுதி வீடுகளில் கணக்கெடுப்பு நடந்தது. 2013 கோடையில் வெப்பச் செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தின் எலும்புக்கூடு சிக்கலானது இல்லை. மக்களுக்கு முன்கூட்டியே சொல்வது, துறைகளுக்குள் எச்சரிக்கையைக் கடத்துவது, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, வெயில் படுவதைக் குறைப்பது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெப்பம் எந்தத் துறையின் வேலை? சுகாதாரத் துறையா, பூங்காத் துறையா, குடிநீர் வாரியமா, காவல் துறையா? எல்லாருக்கும் கொஞ்சம் என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். அதனால் மாநகராட்சிக்குள் ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்தார்கள். முன்னறிவிப்பு அவரிடம் வரும். அவர் எச்சரிக்கையின் நிறத்தை அறிவிப்பார். அந்த நிறத்துக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

அந்த நிறங்களை எங்கே வைப்பது என்பதுதான் இந்தத் திட்டத்தில் அதிகம் யோசித்த இடம் என்று நினைக்கிறேன். சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, அதற்குக் கீழே என்றால் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பது தேசிய வழக்கம். இயல்பே 41, 42-இல் இருக்கும் ஊரில் இந்த வரையறை மெதுவாகத்தான் மணி அடிக்கும். அதற்குள் ஆட்கள் போய்விடுவார்கள். அதனால் அகமதாபாத் தன் சொந்த இறப்புப் பதிவையும் வெப்பநிலையையும் ஒப்பிட்டுத் தனக்கென்று வரம்பு வைத்துக்கொண்டது: 41.1 டிகிரியில் மஞ்சள், 43.1-இல் ஆரஞ்சு, 45-இல் சிவப்பு. வேறு ஊர் இதை அப்படியே நகலெடுத்தால் பலனில்லை. ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரில் 38 டிகிரியே உடம்பை முறித்துவிடும்.

முன்னறிவிப்புக்கு ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகக் குழு உதவியது. ஏழு நாள் முன்னாலேயே தகவல் கிடைத்ததால் தயாராவதற்கு நேரம் இருந்தது. பின்னாளில் அந்தப் பொறுப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு வந்தது.

தெருவில் அது எப்படி இருந்தது

குஜராத்தியில் பரப் என்பார்கள், நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல். வழியில் போகிறவர்களுக்குத் தாகம் தீர்க்கும் பழைய தர்மம். திட்டம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த பழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த நாளில் எங்கே வைக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தியது. மதிய நேரத்தில் பூட்டி வைக்கும் பூங்காக்களைத் திறந்து வைக்கச் சொன்னார்கள். வெயிலில் வேலை செய்கிறவர் மர நிழலில் உட்கார ஒரு பூட்டைத் திறப்பதுதான் செலவு. கோவில், மசூதி, வணிக வளாகம் ஆகியவற்றையும் ஒதுங்கும் இடங்களாகக் கணக்கில் சேர்த்தார்கள்.

108 ஆம்புலன்ஸில் ஐஸ் பேக், மருத்துவமனைகளில் கூடுதல் ஓ.ஆர்.எஸ்., குறுஞ்செய்தி, விளம்பரப் பலகை, துண்டறிக்கை. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கோடைக்கு முன்பே பயிற்சி. ஹீட் ஸ்ட்ரோக்கை அடையாளம் காண்பது எப்படி, உடனே குளிர்விப்பது எப்படி, மரணத்தை எப்படிப் பதிவது. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

ஆண்டு மூன்று பகுதியாகப் பிரிக்கப்பட்டது. கோடைக்கு முன் ஆயத்தம், கோடையில் செயல், கோடை முடிந்ததும் மதிப்பாய்வு. மூன்றாவது பகுதியை மற்ற ஊர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மழை வந்ததும் வெயில் மறந்துபோகிறது. அகமதாபாத்தில் திட்டத்தைத் திருத்தித் திருத்தி மறுபதிப்பு போட்டார்கள். 2017-க்குப் பிறகு தகரக் கூரை வீடுகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கும் பணியும் அதில் சேர்ந்தது.

என்ன விளைந்தது

2018-இல் வந்த ஒரு மதிப்பீடு, திட்டத்துக்கு முந்தைய 2007 முதல் 2010 வரையான ஆண்டுகளையும் திட்டம் வந்தபின் 2014, 2015 ஆண்டுகளையும் ஒப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் கணக்கு. செய்திகளில் இந்த எண் மட்டும்தான் சுற்றியது. ஆய்விலேயே இதன் இரு எல்லைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன: 162 ஆகவும் இருக்கலாம், 2,218 ஆகவும் இருக்கலாம். திசை சரி, அளவு மங்கல். மேலும், 2010 போன்ற ஒரு கொடிய ஆண்டு ‘முன்பு’ என்ற பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ‘பின்பு’ நல்லபடியாகத் தெரிவதில் வியப்பில்லை. இதற்காக மதிப்பீட்டைத் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

2016 மே 20 அன்று நகரம் 48 டிகிரியைப் பார்த்தது. 2010-ஐவிட ஒரு டிகிரிக்கும் மேல் அதிகம். இந்த முறை முன்னறிவிப்பும் நிறங்களும் பொறுப்பு அலுவலரும் இருந்தார்கள்.

இதற்கு முந்தைய ஆண்டில்தான் நாடு விழித்தது. 2015 மே மாத வெப்ப அலையில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும். 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைச் செயல்திட்டம் தயாரிப்பதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2017-இலும் 2019-இலும் திருத்தியது. அகமதாபாத்தின் அமைப்பு அதில் அப்படியே தெரியும். காலநிலை மாற்றமும் மனித உடல்நலமும் பற்றிய தேசியத் திட்டத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் தொடங்கியது. 2008-இன் எட்டு இயக்கங்களில் விட்டுப்போன இடம் பதினொரு ஆண்டு கழித்து இப்படி நிரம்பியது.

சரி, பரவிய திட்டங்கள் எப்படி இருந்தன? தில்லியின் கொள்கை ஆராய்ச்சி மையம் 2023-இல் 18 மாநிலங்களின் 37 வெப்பத் திட்டங்களை ஆராய்ந்தது. உள்ளூருக்கென்று வெப்ப வரம்பு வைத்தவை 10. யாருக்கு அதிக ஆபத்து என்று முறையாக மதிப்பிட்டவை 2. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. அவற்றிலும் 8, ‘அந்தந்தத் துறையே ஒதுக்கிக்கொள்ளட்டும்’ என்று சொல்லி நகர்ந்துவிட்டன. அகமதாபாத்தில் வேலை செய்தது எதுவோ, அதுதான் நகலெடுக்கும்போது கழன்று விழுந்திருக்கிறது. நிறங்களும் சுவரொட்டிகளும் போய்ச் சேர்ந்தன. பதிவேட்டைப் புரட்டிய வேலை போய்ச் சேரவில்லை.

பணம்: மேலே இருப்பதும் கீழே வருவதும்

2015-இன் பாரிஸ் ஒப்பந்தம் 7-ஆம் பிரிவில் தகவமைப்புக்கு உலகளாவிய இலக்கு ஒன்றை வைத்தது. வளர்ந்த நாடுகள் தகவமைப்புக்குத் தரும் நிதியை 2019 அளவிலிருந்து 2025-க்குள் இரட்டிப்பாக்க வேண்டும் என்று 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் கேட்டுக்கொள்ளப்பட்டது. 2023-இல் துபாயில் ஒப்புக்கொண்ட இலக்குச் சட்டகத்தில் உடல்நலமும் இடம்பெற்றது. ஐ.நா. சூழல் திட்டத்தின் 2024 கணக்கில், வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 21,500 கோடி முதல் 38,700 கோடி டாலர் வரை தேவைப்பட்டது. 2022-இல் பன்னாட்டுப் பொது நிதியாக வந்தது 2,800 கோடி டாலர்.

உள்நாட்டில் 2015-இல் தேசியத் தகவமைப்பு நிதி தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 350 கோடி ரூபாய். செயல்படுத்தும் அமைப்பு நபார்டு. வேளாண்மை, நீர், காடு, கடலோரம் போன்றவற்றுக்கு அது உதவியது. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாக் கடலோர வாழிடங்களுக்கு அதிலிருந்துதான் ஒரு திட்டம். எல்லாம் தேவையானவை. ஆனால் ஒரு மாநகராட்சி சுகாதார அலுவலர் ஐஸ் பேக் வாங்கவோ வார்டு மாற்றவோ அந்தக் கதவைத் தட்டுவது நடைமுறையில் எப்படி என்று யோசித்தால் வழி தெரியவில்லை. தொகை சிறியது, வேலை ஏழெட்டுத் துறைகளில் சிதறியது, விண்ணப்பம் எழுதும் செலவே அதிகமாகிவிடும்.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

முதலில், இரவு. வரம்புகள் எல்லாம் பகல் உச்ச வெப்பத்தை வைத்தே போடப்பட்டவை. மேல் மாடி வார்டும் தகரக் கூரை வீடும் ஆளைக் களைக்க வைப்பது ராத்திரியில்தான். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையும் ஈரப்பதமும் எச்சரிக்கைக்குள் வர வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு இது இன்னும் அவசியம்.

அடுத்து, வீட்டுக்குள் இருப்பவர்கள். ‘12 மணியிலிருந்து 4 மணிவரை வெளியே போகாதீர்கள்’ என்ற அறிவுரை, வீடு வெளியைவிடக் குளிர்ச்சியானது என்று எடுத்துக்கொள்கிறது. தகரத்தின் கீழ் உட்கார்ந்து பீடி சுற்றும், தையல் தைக்கும், அடுப்பின் முன் நிற்கும் பெண்ணுக்கு அந்த அறிவுரை தலைகீழ். கூலிக்குப் போகிறவருக்கும் அது பொருந்தாது. போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. கூரைப் பூச்சு வேலை முதல் ஆண்டிலேயே தொடங்கியிருக்க வேண்டியது.

மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் நடந்த வார்டு மாற்றத்தை மற்ற இடங்களுக்கும் விதியாக்கியிருக்கலாம். பிரசவ வார்டும் பச்சிளம் குழந்தைகள் பிரிவும் வெயில் படும் கடைசித் தளத்தில் இருக்கக் கூடாது என்று கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் இடத்திலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். தகவமைப்பு என்றதும் புதிய திட்டம், புதிய நிதி என்று தேடுகிறோம். ஏற்கெனவே இருக்கும் விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாற்றுவதை யாரும் அறிவிப்பாக வெளியிட மாட்டார்கள் என்பதாலோ என்னவோ, அது விட்டுப்போகிறது.

கடைசியாக, முன்பு தள்ளி வைத்த பேரிடர்ப் பட்டியல். 2013-இல் திட்டம் வந்தபோதும், 2016-இல் தேசிய வழிகாட்டி வந்தபோதும் வெப்ப அலை மத்தியப் பட்டியலில் இல்லை. மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை, தாங்களே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம். அந்த வழியில் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

அந்தப் பணம் கைக்கு வர, இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். மூன்று நாள் தூங்காமல் இருந்து நான்காம் நாள் மாரடைப்பில் போன அந்தப் பெரியவருக்கு யார் எழுதித் தருவார்கள், எதைப் பார்த்து எழுதுவார்கள் என்பது இன்னும் தீராமல் நிற்கிறது. அகமதாபாத்தின் 2010 சாவுகளைச் சான்றிதழில் தேடாமல் பதிவேட்டின் கூட்டுத்தொகையில்தான் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். கூட்டுத்தொகையை வைத்துக் கொள்கை வகுக்கலாம்; ஒரு குடும்பத்துக்கு நிவாரணம் வாங்க அது உதவாது.